தொண்டை சிவக்கவில்லை, ஆனால் எச்சிலையும் விழுங்க முடியவில்லை

கேள்வி (சாவகச்சேரியிலிருந்து):
நீரிழிவுக்குக் குளிசை எடுக்கும் என் அண்ணருக்கு (வயது 46) நேற்று முதல் கடும் தொண்டைநோ. மாலையில் ரோச் அடித்துப் பார்த்த வைத்தியர், தொண்டையில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிக் குளிசை தந்தார். இப்பொழுது அந்தக் குளிசையையே விழுங்க முடியாமல் எச்சிலைத் துப்பிக்கொண்டிருக்கிறார், குரலும் அடைத்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று முன்னே குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மல்லித்தண்ணீர் கொடுத்து விடியும்வரை பார்க்கலாமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. உடனே 1990 இற்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். வாயால் எதையும் கொடுக்காதீர்கள், படுக்கவைக்காதீர்கள், கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்க்காதீர்கள்.

பதில் 2 (வைத்தியர்):
குரல்வளை மூடி (விழுங்கும்போது மூச்சுவழியை மூடும் மடல்) அழற்சியாக இருக்கலாம். அந்த மூடி நாவடிக்குப் பின்னால், வாயைத் திறந்து பார்த்தால் வழக்கமாகத் தெரியாத ஆழத்தில் இருப்பதால், நோ இவ்வளவு கடுமையாக இருக்கையில் தொண்டை சாதாரணமாகத் தெரிவது ஆறுதலன்று, எச்சரிக்கையே. மூக்கு வழியாக மெல்லிய கமராவைச் செலுத்திப் பார்ப்பதே நம்பகமான முறை. கழுத்தின் பக்கவாட்டு எக்ஸ்-கதிர்ப் படத்தில் வீங்கிய மூடி பெருவிரல்போலத் தெரியலாம் என்றாலும், படம் சாதாரணமாக இருப்பதை வைத்து நோயில்லை என்று முடிவுகட்ட இயலாது. மூச்சு நெருக்கம் உள்ளவரைப் படத்துக்காகப் படுக்கவைப்பதும் ஆபத்து. முதல் வேலை சுவாசவழியைக் காப்பதுதான்: குழாய் செலுத்தவும், அது முடியாவிடில் கழுத்தில் வழி திறக்கவும் மயக்கவியல் நிபுணரும் காது, மூக்கு, தொண்டை சத்திரசிகிச்சை நிபுணரும் ஆயத்தமாக நிற்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியை நாளத்தினூடாகக் கொடுப்பார்கள். ஸ்டீரோயிட் மருந்தைப் பலரும் சேர்க்கிறார்கள். அதற்கான சான்று வலுவானதன்று, அதோடு உங்கள் அண்ணருக்குச் சீனியையும் அது கூட்டும்.

பதில் 3:
இது குழந்தைகளின் நோய் அல்லவா?

பதில் 2 இட்டவர்:
முன்பு அப்படித்தான். குழந்தைகளில் இதைப் பெரும்பாலும் உண்டாக்கியது ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி) என்ற கிருமி. அதற்கெதிரான தடுப்பூசி இலங்கையில் 2008 இல் குழந்தைகளுக்கான வழமையான அட்டவணையில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடைத்திருக்காது. வளர்ந்தோரில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் முதலிய வேறு கிருமிகளாலும் வரும்.

பதில் 4:
வாயைத் திறக்கவே முடியாமல், உண்ணாக்கு ஒரு பக்கம் தள்ளப்பட்டிருந்தால் தொண்டைச்சதையருகே சீழ் கட்டியிருக்கலாம்; அதை வெளியேற்ற வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல் நோவைத் தொடர்ந்து நாடிக்கீழ் இறுகி, நாக்கு மேலெழுந்தால் அதுவும் மூச்சை அடைக்கக்கூடிய தொற்றே.

கேட்டவர்:
போதனா வைத்தியசாலையில் நிற்கிறோம். கமராவில் மூடி வீங்கியிருப்பது தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். குழாய் இதுவரை தேவைப்படவில்லை.

பதில் 2 இட்டவர்:
நல்லது. வீட்டில் தடுப்பூசி முற்றுப்பெறாத சிறு குழந்தை இருந்தால் அங்குள்ள வைத்தியரிடம் இன்றே சொல்லுங்கள்; ஹிப் கிருமி என்று உறுதியானால் வீட்டாருக்கும் தடுப்பு மருந்து தேவைப்படலாம்.