மனித உரிமை பேப்பர்: ஸ்லைடைத் தாண்டி என்ன செய்யலாம்?

கேட்டவர்: மதியவகுப்பு

கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இந்த செமஸ்டர் மனித உரிமை பேப்பர் என் தலையில் விழுந்திருக்கிறது. 58 பேர், வாரம் இரண்டு மணி நேரம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. ஐ.நா.வின் 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் ஸ்லைடாகப் போட்டேன். பத்தாவது பிரிவிலேயே கடைசி இரண்டு பெஞ்சும் தூங்கிவிட்டன; உண்மையைச் சொன்னால் எனக்கும் கொட்டாவிதான். லேப்டாப் நாலைந்து பேரிடம்தான் இருக்கிறது, போன் எல்லாரிடமும் உண்டு. அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

சாக்பீஸ்:

போனில் எதையாவது காட்டுவதை விடுங்கள், பேச வையுங்கள். டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கைது பற்றிச் சொன்ன 11 விதிகளை நான் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பேன். வீட்டில் யாருக்காவது அதை வீட்டுப் பேச்சிலேயே விளக்கி, அவர்கள் சம்மதித்தால் ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்து வர வேண்டும். இவ்வளவுதான் வேலை.

போன வருடம் ஒரு பெண் கொண்டுவந்த ஒலிப்பதிவு இன்னும் காதில் இருக்கிறது. கைது செய்கிற போலீஸ்காரர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும் என்று அவள் சொல்கிறாள். ஆட்டோ ஓட்டுகிற அப்பா குறுக்கிட்டு, "பேரு தெரியலன்னா நான் கேக்கலாமா? கேட்டா அடிக்க மாட்டாங்களா?" என்கிறார். அதற்கப்புறம் பாடத்திட்டம் ஒரு வாரம் நகரவே இல்லை. என்னிடமும் நேரான பதில் இல்லை.

பத்துரூபாய்:

என் வழி ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தினார்கள். உங்கள் ஊர் நகராட்சியில் எத்தனை சாவு, எத்தனை குடும்பத்துக்குப் பணம் போனது என்று மாணவர்களையே கேட்க வையுங்கள். போனில் வாய்ஸ் டைப்பிங்கில் சொன்னால் மனு தமிழிலேயே வந்துவிடும். பிழையை மட்டும் திருத்தினால் போதும். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள் கெடு என்பதால் செமஸ்டர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட வேண்டும். நான் ஒரு முறை தாமதித்து, பதில் விடுமுறையில் வந்து சேர்ந்தது. "தகவல் இல்லை" என்று வந்தாலும் கவலைப்படாதீர்கள், மேல்முறையீட்டையும் அவர்களே எழுதட்டும்.

திண்ணை:

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். "பாகுபாட்டை அனுபவித்ததுண்டா?" என்று கூகுள் ஃபார்ம் அனுப்பினேன். பெயர், சாதி, ஊர் எல்லாம் கட்டாயம். ஒரு பையன் தனியாக வந்து, "இதை யாரெல்லாம் பார்ப்பாங்க சார்?" என்றான். துறையில் நாலு பேர் அதே லாகினைத்தான் பயன்படுத்துகிறோம். வெட்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுநாள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பை எடுத்தேன். உதாரணத்துக்கு என் ஃபார்மையே திரையில் போட்டேன்.

மதியவகுப்பு:

நன்றி. முதல் வேலையாக, நானும் இதேபோலக் காலையில் மாணவர்களுக்கு அனுப்பிய ஃபார்மை மூடிவிட்டேன். 23 பேர் நிரப்பியிருக்கிறார்கள், சாதி உட்பட. இன்று மதியம் அவர்களிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.