மறு: ஷோல்டர் ரிக் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கேமராவைத் தோளில் வைத்துப் படம் பிடிக்க உதவும் கருவிதான் ஷோல்டர் ரிக். நம் குறும்படக் கையேட்டில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: சட்டகம், தாங்கி, தோளேந்தி, சாரம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று பார்த்தால் சரியான சொல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பிடிபடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சட்டகம் போதுமே. பார்த்தால் சட்டம் மாதிரிதானே இருக்கிறது?

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் சினிமா பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பலர் 'ஃப்ரேம்' என்பதைச் சட்டகம் என்று எழுதப் பழகிவிட்டார்கள். 'சட்டகத்தைத் தோளில் வைத்து அடுத்த சட்டகத்தை எடுத்தார்' என்று ஒரு வரி வந்தால் படிக்கிறவர் கதி என்ன?

தாங்கிக்கும் இதே தொல்லை. பொறியியல் தமிழில், சக்கரம் உராயாமல் சுழல வைக்கும் பேரிங்கைத்தான் தாங்கி என்கிறோம். கேமராவை உருட்டிக்கொண்டு போகும் டிராலியைச் சொந்தமாகச் செய்கிறவர் முதலில் தேடிப் போவதே ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் 608 பேரிங்கை. உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. நம் கையேட்டில் டிராலிக்கும் ஒரு பக்கம் உண்டு. அங்கே 'கேமரா தாங்கிக்கு எட்டுத் தாங்கி வாங்கவும்' என்று எழுத வேண்டிவரும்.

தோளேந்தி காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதே வரிசையில் கையில் பிடிக்கும் ரிக்குக்குக் 'கையேந்தி' என்று வைத்தாக வேண்டும். சென்னையில் கையேந்தி என்றால் பவன்தான். சாலிகிராமத்தில் ஓர் உதவி ஒளிப்பதிவாளரிடம் 'கையேந்தி எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள், தெருமுனையில் இட்லி போடும் வண்டியைக் காட்டுவார்.

சாரம் எனக்குப் பிடித்திருந்தது. கொத்தனார்கள் தினமும் சொல்கிற சொல், 'சாரம் கட்டு' என்று வினையும் கூடவே வருகிறது. ஆனால் யாழ்ப்பாணத் தோழர் சொன்ன பிறகு அதைக் கைவிட வேண்டியதுதான். அவர்கள் ஊரில் சாரம் என்றால் இடுப்பில் கட்டும் லுங்கி. 'கேமராவுக்குச் சாரம் கட்டினேன்' என்றால் மானம் காத்த கதையாகிவிடும்.

> கையில் காசில்லாமல் குறும்படம் எடுக்கிற பிள்ளைகளுக்கான கையேடு இது. சொல் எளிமையாக இருந்தால் சரி.

ஐயா சொன்ன இந்த வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். எளிமை மட்டும் போதாது. சொந்தமாகச் செய்யப் போகிறவருக்கு அந்தச் சொல்லே எதை மறக்கக் கூடாது என்று காட்ட வேண்டும். அதற்கு இந்தக் கருவி ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும்.

2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்ததும், புகைப்பட கேமராவிலேயே படம் எடுத்துவிடலாம் என்ற தைரியம் பலருக்கு வந்தது. அது கண்ணில் ஒட்டி வைத்துக்கொண்டு படம் பிடிப்பதற்கான உடம்பு. காணொளி எடுக்கும்போது உள்ளே கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், கண்துளை இருட்டாகிவிடும். அப்போது பின்பக்கத் திரையைத்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குக் கேமராவை முகத்திலிருந்து தள்ளி, இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்க வேண்டும். நீட்டிய கையில் ஒன்றரைக் கிலோ எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு நிமிடத்தில் ஆட ஆரம்பிக்கும். பழைய தொலைக்காட்சிச் செய்திக் கேமராக்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவற்றின் எடையே தோளின் மேல்தான் உட்காரும்.

ஆக, இந்த ரிக்கின் முதல் வேலை எடையைக் கையிலிருந்து தோளுக்கு மாற்றுவது. இங்கேதான் சொந்தமாகச் செய்கிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். பிராட்வே பக்கம் போய் அலுமினியக் குழாய் வாங்கி, அம்பத்தூரில் லேத் பட்டறையில் துளை போட்டு, முன்னால் இரண்டு கைப்பிடி, நடுவில் தோளுக்கு ஒரு மெத்தை என்று அழகாகச் செய்துவிடுவார்கள். தோளில் வைத்தால் ரிக்கின் முன்பக்கம் கீழே சாய்ந்துவிடும். கேமராவும் லென்ஸும் சேர்ந்து 1.5 கிலோ, தோளிலிருந்து 30 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளுக்குப் பின்னால் 20 செ.மீ. தள்ளி 2.25 கிலோ தொங்கினால்தான் சமமாகும். தண்டைப் பின்பக்கம் 30 செ.மீ.க்கு நீட்டிவிட்டால் 1.5 கிலோவே போதும். அதற்கு டம்பெல் தட்டு வைக்கலாம், பேட்டரியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் பின்னால் கட்டினால் இன்னும் நல்லது. இந்த எடை வீண் சுமையும் இல்லை. கனம் கூடி, முன்னும் பின்னுமாகப் பரவும்போது கையின் சின்ன நடுக்கம் படத்தில் ஏறாது.

சட்டகம் என்று பெயர் வைத்தால் பின்பக்க எடை யாருக்கும் நினைவுக்கு வராது. ஒரு தண்டு, நடுவில் தோள், இரண்டு முனையிலும் சுமை. இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் செய்யத் தேவையே இல்லை என்பது என் கட்சி. இதன் பெயர் காவடி.

சிரிக்காதீர்கள். கா என்றாலே தோளில் சுமக்கும் தண்டு. காவுதல் என்றால் அப்படிச் சுமப்பது. புறநானூறு 206-ஆம் பாட்டில் ஔவையார் 'காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை' என்கிறார் (இந்தக் கலப்பை ஏர் இல்லை, கருவிப் பை). கலைஞர்கள் தங்கள் கருவிகளைத் தோளில் காவிக்கொண்டு வேறு இடம் தேடிக் கிளம்புகிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர் தேடி அலைகிற நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோர் யார்? ஈழத்தில் காவுதல் இன்றும் பேச்சில் இருக்கிறது. நோயைப் பரப்பும் கொசுவை அவர்கள் நோய்க்காவி என்று எழுதுகிறார்கள்.

வரப்போகும் மறுப்புகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

காவடி முருகனுக்கு உரியது, கேலியாகிவிடும் என்பீர்கள். தண்ணீர்க் காவடி எந்தச் சாமிக்கு? குடம் சுமக்கும் காவடியில் தண்டு முன்னும் பின்னுமாகத்தான் கிடக்கும், நம் ரிக்கும் அப்படித்தான். தவிர, வாடகைக் கேமராக் கடைகள் இருப்பதே வடபழனி கோயிலைச் சுற்றித்தான். பூசணிக்காய் உடைத்து முதல் ஷாட் வைக்கிற ஊரில் இந்தப் பெயரால் யார் மனமும் புண்படாது.

இன்னொன்று, தயவுசெய்து இதைச் சுருக்கிக் 'காவு' என்று ஆக்கிவிடாதீர்கள். 'காவு வாங்கிடுச்சு' என்றால் சென்னையில் அர்த்தமே வேறு. வாடகைக்கு எடுத்த கேமராவை அந்தப் பெயரில் உள்ள பொருளில் மாட்ட யாருக்கும் மனம் வராது.

பின்னால் எடை இல்லாமல், நெஞ்சில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கிற வகையும் உண்டு. அது காவடி ஆகாது. அதற்கு 'நெஞ்சுமுட்டு' என்று வைக்கலாம். இரண்டையும் ஒரே பெயரில் அடைக்காமல் இருப்பதே நல்லது.

பொதுவாக 'ரிக்' என்பதற்கு? ரிக் என்றால் ஒருவருக்கு வேதம், திருச்செங்கோட்டுக்காரருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. படப்பிடிப்பில் ஏற்கெனவே 'ரிக் கட்டியாச்சா?' என்றுதான் கேட்கிறோம். அந்தக் 'கட்டு' என்பதையே பெயராக எடுத்துக்கொள்ளலாம். கட்டு தமிழில் பெயரும் ஆகும், வினையும் ஆகும். கேமராக்கட்டு, காரின் வெளியே பொருத்தினால் கார்க்கட்டு. நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் காக்கும் ஸ்டெடிகேம் மட்டும் அப்படியே இருக்கட்டும். காரெட் பிரவுன் 1970-களில் உருவாக்கிய கருவி, அது வணிகப் பெயர். பொதுவாகச் சொல்ல 'நிலைப்படுத்தி' வழக்கில் இருக்கிறது, போதும்.

உறுப்புகளில் பெரிய தகராறு இல்லை. ராடு தண்டு, கிளாம்ப் கவ்வி, கேமராவைச் சுற்றி மாட்டும் கேஜ் கூடு, பின்பக்க எடை எதிர்ச்சுமை. தோளில் படும் மெத்தைக்குத் 'தோள்சும்மாடு' என்று போடுங்கள். சுமைக்கும் உடம்புக்கும் நடுவில் வைப்பதற்குத் தமிழன் வைத்த பெயர் சும்மாடு, தலையிலிருந்து தோளுக்கு இறக்கினால் போதும்.

கையேட்டில் தண்டு பற்றிய இடத்தில் இரண்டு அளவு தவறாமல் இருக்க வேண்டும். கடையில் விற்கும் உறுப்புகள் பிற்பாடு பொருந்த வேண்டுமென்றால் தண்டின் வெளிவிட்டம் 15 மி.மீ., இரண்டு தண்டுகளின் மையத்துக்கு மையம் 60 மி.மீ. கேமராவின் அடியில் இருப்பது கால் இஞ்ச் மரை, இஞ்சுக்கு 20 சுற்று. எம்6 போல்ட் பார்க்க அதே தடிமனாக இருக்கும், ஓரிரு சுற்று ஏறுவதுபோல் போக்கும் காட்டும். ஆனால் அதன் விட்டம் 6 மி.மீ., இதுவோ 6.35. மரை இடைவெளியும் வேறு: அதில் 1 மி.மீ., இதில் 1.27. முறுக்கினால் கேமராவின் மரை போய்விடும், அப்புறம் சர்வீஸ் சென்டருக்கு நடக்க வேண்டியதுதான்.

லென்ஸின் குவியத்தை மாற்றத் திருகும் ஃபாலோ ஃபோகஸுக்கு யாரோ 'குவியத் தொடரி' என்று எழுதியிருந்தீர்கள். தொடரி என்றால் ரயில் ஆகிவிட்டது, எனக்கு ஒப்பவில்லை. கை செய்கிற வேலை திருகுவதுதான், 'குவியத் திருகி' எப்படி? லென்ஸின் முன்னால் வேண்டாத வெளிச்சத்தை மறைக்க மாட்டும் மேட் பாக்ஸுக்கு இன்னும் எதுவும் தோன்றவில்லை, யாராவது தொடங்குங்கள்.

காவடிக்கு எதிர்ப்பு இருந்தால் கையேட்டின் சொற்பட்டியல் அச்சுக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள். ஏற்றுக்கொண்டால் கையேட்டில் படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள், எதிர்ச்சுமை தெரிய வேண்டும்.

அன்புடன்,
வளசரவாக்கத்திலிருந்து