ஐஸ் ஹாக்கி: கனடா ஆட்டமா, சோவியத் ஆட்டமா?

பிரிக்பீல்ட்ஸ்_பையன்:
சன்வே பிரமிட் ஐஸ் தளத்தில் இப்போதுதான் விளையாடக் கற்றுக்கொள்கிறேன். நேற்று இரவு மாமாக் கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்து 1972 கனடா–சோவியத் தொடரின் பழைய காட்சிகளைப் பார்த்தோம். இரண்டு அணியும் ஒரே விளையாட்டை ஆடுவது போலவே தெரியவில்லை. ஏன் அப்படி?

ஜார்ஜ்டவுன்_கிழவன்:
தம்பி, கனடாக்காரர்கள் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) எதிரணி மூலைக்குத் தள்ளிவிட்டு, பின்னாலேயே பாய்ந்து, ஆளை இடித்துப் பறிப்பார்கள். சோவியத் ஆட்டக்காரர்களுக்குப் பக்கை விட்டுக்கொடுக்கவே மனம் வராது. வழி அடைபட்டால் பின்னால் திரும்பி வட்டமடித்து, ஐந்து பேரும் ஒரே கூட்டாகக் கோர்த்துக்கொண்டு மறுபடி வருவார்கள், நல்ல வாய்ப்பு கிடைத்தால்தான் அடிப்பார்கள். தாராசோவ் என்ற பயிற்சியாளர் வளர்த்த பாணி அது.

செந்தூல்_சறுக்கு:
தளத்தின் அகலமும் காரணம் அண்ணே. வட அமெரிக்காவில் சுமார் 26 மீட்டர், சோவியத் பக்கம் 30 வரை. இடம் இருந்தால் பாஸ் ஓடும்.

ஜார்ஜ்டவுன்_கிழவன்:
சரிதான், ஆனால் முதல் ஆட்டத்தில் கனடாவை 7-3 என்று சாய்த்தது மாண்ட்ரியலின் குறுகிய தளத்தில்தானே!

பிரிக்பீல்ட்ஸ்_பையன்:
அப்புறம் கனடா எப்படி ஜெயித்தது?

ஜார்ஜ்டவுன்_கிழவன்:
விடாப்பிடி. மாஸ்கோவில் எட்டாவது ஆட்டம், 34 வினாடிதான் மிச்சம், பால் ஹெண்டர்சன் கோல் போட்டார், 6-5. தொடர் 4-3, ஒன்று டிரா. ஆறாவது ஆட்டத்தில் கனடாவின் பாபி கிளார்க், சோவியத் நட்சத்திரம் கர்லாமோவின் கணுக்காலில் மட்டையால் அடித்ததை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.