லொம்போக் மக்களுக்கு உதவ வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடலூர் நண்பர்களுக்கு வணக்கம். இந்தோனேசியாவின் லொம்போக் தீவை 2018 ஜூலை 29 அன்று 6.4 அளவிலும், அப்புறம் ஆகஸ்ட் 5 இரவு 6.9 அளவிலும் நிலநடுக்கம் உலுக்கிவிட்டது. வடபகுதியில் ஏராளமான வீடுகள் இடிந்துவிட்டன. ரிஞ்சானி மலையடிவாரத்தில், செனாரு கிராமத்தில், விடுமுறைக்குப் போன எங்களைத் தங்கவைத்துச் சோறு போட்ட குடும்பத்துக்கு போன் போகவில்லை. அந்த அம்மாவும் பிள்ளைகளும் எங்கே படுத்திருக்கிறார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்துக்கு எங்கிருந்தெல்லாமோ உதவி வந்ததே, நாமும் செய்யலாம்.

லொம்போக்கிலோ பாலியிலோ தெரிந்தவர்கள் இருந்தால் செனாரு நிலவரம் விசாரித்துச் சொல்லுங்கள். இந்தோனேசிய செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இங்கிருந்து பணம் அனுப்பியவர்கள் யாராவது உண்டா? எந்த வழியில் அனுப்பினீர்கள்? துணிமணி பார்சல் வேண்டாம் என்பது என் எண்ணம். தார்ப்பாயும் குடிநீரும் அங்கேயே வாங்கப் பணம்தான் உடனே உதவும்.