எக்ஸ்சேஞ்ச் 2016ல இருந்து எஸ்இ: பொங்கல் லீவுல ஒரே மூச்சா மாத்தலாமா, கொஞ்சம் கொஞ்சமாவா?

பனியன்சிட்டி_ஐடி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஐடி பாக்குறேன், நானும் ஒரு தம்பியும் ரெண்டே பேர் தான். மெயில் இன்னும் மைக்ரோசாப்ட்டோட மெயில் சர்வர் சாஃப்ட்வேர் எக்ஸ்சேஞ்ச் 2016ல தான் ஓடுது, 310 மெயில்பாக்ஸ், மொத்தம் 1.9 டெராபைட், எம்டியோடது மட்டுமே 92 ஜிபி. 2025 அக்டோபர் 14ஓட 2016க்கும் 2019க்கும் மைக்ரோசாப்ட் சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, எங்க ஆளுங்க கிட்ட ஒரு வருஷமா சொல்லி சொல்லி இப்ப தான் எஸ்இக்கு, அதாவது சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன்ங்கற புது வெர்ஷனுக்கு, பட்ஜெட் வந்துருக்கு. புது சர்வரும் வந்தாச்சு. பொங்கலுக்கு ஜனவரி 15 வியாழன்ல இருந்து 18 ஞாயிறு வரைக்கும் நாலு நாள் லீவு, அதுக்குள்ள எல்லா மெயில்பாக்ஸையும் நகத்தி திங்கக்கிழமை காலைல புது சர்வர்ல வேலைய ஆரம்பிச்சுரலாம்னு ப்ளான் போட்டுருக்கேன். எம்டிக்கும் இதான் புடிச்சிருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, இது சரிப்படுமா?

நெக்ஸ்ட்நெக்ஸ்ட்:
எதுக்கு நண்பா நாலு நாளு. எஸ்இ மீடியாவ மவுண்ட் பண்ணி செட்டப் ஓட்டுனா முடிஞ்சுது. எங்க ஆபீஸ்ல ராத்திரி ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சு பதினொன்னரைக்கெல்லாம் வீட்டுக்கு கெளம்பிட்டோம், மெயில்பாக்ஸ தொடவே இல்ல.

பழையகேபிள்:
தம்பி உங்க ஆபீஸ்ல இருந்தது 2019. 2025 ஜூலை 1ல வந்த எஸ்இயும் 2019 சியூ15ம், அதாவது 2019க்கு வந்த 15வது பெரிய அப்டேட்டும், கிட்டத்தட்ட ஒரே கோடு தான், பேரு, பில்ட் நம்பர், லைசென்ஸ் ஒப்பந்தம் தான் வேற, அதனால சியூ போடுற மாதிரி மேலயே போட்டுக்கலாம். 2016ல அந்த வழியே கெடையாது. புது விண்டோஸ் சர்வர் போட்டு, அதுல எஸ்இ ஏத்தி, மெயில்பாக்ஸ ஒவ்வொன்னா நகத்தி, கடைசில பழசை முறைப்படி அன்இன்ஸ்டால் பண்ணனும். இவரு கேக்குறது இந்த ரெண்டாவது வேலைய பத்தி.

பனியன்சிட்டி, நேராவே சொல்றேன், பொங்கல் ப்ளான் வேணாங்க. லீவுல யாரும் மெயில் பாக்க மாட்டாங்க, அத நீங்க வசதின்னு நெனைக்கிறீங்க, எனக்கு அது தான் பயமே. யாரும் தொடாத சர்வர்ல எது ஒடஞ்சிருக்குன்னு எப்படி தெரியும்? திங்கக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு 310 பேரும் ஒரே நேரத்துல தொறப்பாங்க, ஒரு டிபார்ட்மெண்ட்டுக்கு வந்தா சமாளிக்குற பிரச்சனை அத்தனை பேருக்கும் சேந்து வரும், நீங்க ரெண்டே பேரு. பத்து பேர நகத்தி, ஒரு வாரம் பாத்து, அப்புறம் இருபது, அப்புறம் ஒரு டிபார்ட்மெண்ட், இப்படி தான் போகணும்.

நைட்ஷிப்ட்:
பழையகேபிள் அண்ணா சொல்றத நான் ஒத்துக்கல. கொஞ்சம் கொஞ்சமான்னு ஆரம்பிச்சு ஆறு மாசமா ரெண்டு சர்வர்ல நொண்டிட்டு இருக்கற ஆபீஸ நான் பாத்துருக்கேன். மேனேஜர் புதுசுல, அவரு கேலண்டர பாக்குற செகரட்டரி பழசுல, ஒரு பிரச்சனை வந்தா எந்த சர்வர்ல தேடறதுன்னே தெரியாது. அதவிட முக்கியம், நீங்க இழுக்குற ஒவ்வொரு வாரமும் சப்போர்ட் இல்லாத 2016 இன்டர்நெட்ட பாத்து நிக்குது. 2021 மார்ச் 2 மறந்துபோச்சா, எக்ஸ்சேஞ்ச்ல இருந்த ப்ராக்ஸிலாகான் ஓட்டை? ஓட்டைய அடைக்க பேட்ச் வந்த நாளுக்கு முன்னாடியே உள்ள பூந்துட்டானுங்க, பேட்ச் போட்டவன் சர்வர்லயும் வெப்ஷெல்ங்கற திருட்டு வாசல் ஏற்கனவே உக்காந்துருந்துச்சு. அப்பவாவது பேட்ச்னு ஒன்னு வந்துச்சு. இப்ப காசு கட்டி எக்ஸ்டெண்டட் அப்டேட் வாங்காதவங்களுக்கு அதுவும் கெடையாது. நாலு நாள் கெடைக்குதா, உக்காந்து முடிச்சுட்டு எந்திரிங்க.

மேகம்_மதுரை:
ரெண்டு பேரும் சண்டை போடறதுக்கு முன்னாடி, எதுக்குங்க இன்னும் சொந்தமா மெயில் சர்வர்? கிளவுடுக்கு போயிட்டா இந்த அக்டோபர் 14 பஞ்சாயத்தே இல்ல. ரெண்டு பேர் இருக்கற டீம் எக்ஸ்சேஞ்ச் பேட்ச், பேக்கப், சர்டிபிகேட், டிஸ்க் எல்லாத்தையும் தாங்குறது அநியாயம். ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தருக்கு தூக்கம் இல்ல.

பனியன்சிட்டி_ஐடி:
மேகம் அண்ணா, நான் கேக்காம இல்ல. 310 பேருக்கு மாசாமாசம் எவ்வளவுன்னு கணக்கு போட்டு ரெண்டு தடவை குடுத்தேன், ரெண்டு தடவையும் வேணாம்னுட்டாங்க. அப்ப சின்ன ப்ளான்ல மெயில்பாக்ஸ் 50 ஜிபி தான் இருந்துச்சு, எங்க எம்டி, மெர்ச்சன்டைசிங் ஹெட் எல்லாரும் அத தாண்டிட்டாங்க, 100 ஜிபி வேணும்னா பெரிய ப்ளானுக்கு போகணும்னாங்க. பையர் அனுப்புற டெக்பேக் (துணியோட டிசைன், அளவு விவரம்), ஆர்ட்வொர்க் எதையும் அழிக்க விடமாட்டாங்க, பழைய ஆர்டர் ரிப்பீட் வந்தா அது தான் ஆதாரம். சர்வரும் வாங்கியாச்சு, அதனால இந்த பேச்ச இங்கயே விட்ருவோம், கோவிச்சுக்காதீங்க.

மேகம்_மதுரை:
கோவம் ஒன்னும் இல்ல. சர்வர் வாங்கறதுக்கு முன்னாடி இந்த கேள்விய கேட்டுருந்தா நல்லாருந்துருக்கும். சரி, ரேம் எவ்வளவு போட்டீங்க?

பனியன்சிட்டி_ஐடி:
128. மைக்ரோசாப்ட் சொன்ன அளவே போட்டுட்டோம்.

பழையகேபிள்:
ரேம் சரி. இப்ப நைட்ஷிப்ட்டுக்கு வர்றேன். உங்க பயம் நியாயமானது தான், ஆனா நாலு நாள்ல முடியும்னு எந்த கணக்குல சொல்றீங்க? பனியன்சிட்டி, ஒரு பத்து பன்னெண்டு மெயில்பாக்ஸ நகத்தி பாத்து ஒரு மணி நேரத்துக்கு எத்தன ஜிபி போகுதுன்னு சொல்லுங்க, அதுக்கப்புறம் பேசலாம்.

அதுக்கும் முன்னாடி ஒன்னு. எஸ்இ செட்டப்ப வேலை நேரத்துல ஓட்டிராதீங்க. எனக்கு நடந்தத சொல்றேன். காலைல பதினோரு மணி, செட்டப் பார் நகந்துட்டு இருக்கு, இன்னும் ஒரு மெயில்பாக்ஸ கூட தொடல. அக்கவுண்ட்ஸ்ல இருந்து போன், "அண்ணா ஏதோ செக்யூரிட்டி அலர்ட்னு வருது, எஸ் குடுக்கட்டுமா நோ குடுக்கட்டுமா". அத வெக்கறதுக்குள்ள பர்ச்சேஸ். அப்புறம் ஸ்டோர்ஸ். கால் மணி நேரத்துல மாடில இருந்து ஆளே எறங்கி வந்துட்டாங்க. விஷயம் என்னன்னா எக்ஸ்சேஞ்ச் இன்ஸ்டால் ஆகறப்பவே ஆக்டிவ் டைரக்டரில (ஆபீஸ் யூசர், கம்ப்யூட்டர் எல்லாம் பதிஞ்சிருக்கற எடம்) ஆட்டோடிஸ்கவர்க்கு, அதாவது அவுட்லுக்குக்கு மெயில் சர்வர காட்டிக் குடுக்குற வேலைக்கு, நானும் இருக்கேன்னு தன் பேர எழுதிக்கும். அவுட்லுக் உடனே அங்கயும் போய் கேக்கும். அங்க இருக்கறதோ தனக்குத் தானே கையெழுத்து போட்டுக்கிட்ட செல்ஃப் சைன்ட் சர்டிபிகேட், பிசி அத நம்பாது, அதான் அலர்ட். இன்ஸ்டால் முடிஞ்ச அடுத்த நிமிஷமே அந்த ஆட்டோடிஸ்கவர் யூஆர்எல்ல பழைய பொது பேருக்கே மாத்தணும், இல்லனா ஆக்டிவ் டைரக்டரில தனி சைட் ஒன்னு உண்டாக்கி புது சர்வர அதுல வெச்சு இன்ஸ்டால் பண்ணனும். அன்னைக்கு எனக்கு இது தெரியாது.

ஆக்டிவ் டைரக்டரியோட அமைப்ப, அதான் ஸ்கீமாவ, எஸ்இக்கு தயார் பண்றதுக்கு முன்னாடி அது ஓடுற டொமைன் கண்ட்ரோலர் சர்வர பேக்கப் எடுத்துக்கோங்க, ஸ்கீமா மாத்திட்டா பின்னாடி வர முடியாது.

பனியன்சிட்டி_ஐடி:
அண்ணா ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மாதிரியே நேத்து ராத்திரி இன்ஸ்டால் பண்ணி யூஆர்எல்ல உடனே மாத்திட்டேன், காலைல ஒரு போன் கூட வரல. பைலட்டா எங்க ஐடி, அட்மின் ஆளுங்க 12 பேர நகத்துனேன், 84 ஜிபி, ஆறு மணி நேரம் ஆச்சு. மணிக்கு 14 ஜிபி. 1.9 டெராபைட்ட இதால வகுத்தா 136 மணி நேரம் வருது. நாலு நாளுன்னா 96 மணி நேரம் தான். அப்ப பொங்கலுக்குள்ள முடியவே முடியாதுங்களா?

நைட்ஷிப்ட்:
முடியும். கணக்கு சரி, வழி தான் வேற. மூவ் ரிக்வெஸ்ட் போடறப்ப முடிக்கறதுக்கு முன்னாடி நிறுத்திக்கோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. டிசம்பர்லயே எல்லாத்தையும் போட்டு விடுங்க, அது பின்னாடி காப்பி பண்ணிட்டு 95 சதவீதத்துல போய் நின்னுக்கும், ஆளுங்க பாட்டுக்கு பழைய சர்வர்ல வேலை பாத்துட்டு இருப்பாங்க. லீவு அன்னைக்கு ரிஸ்யூம் குடுத்தா மிச்சம் மீதிய மட்டும் எடுத்துட்டு முடிச்சிரும். 136 மணி நேரத்த டிசம்பர் முழுக்க பரப்பிக்கிறீங்க, மாத்துறது மட்டும் ஒரே நாள்.

பழையகேபிள்:
இது நல்ல வழி, மறுக்கல. ஆனா டிஸ்க்க பாக்கணும். ஒரு மெயில்பாக்ஸ் நகந்தா கிட்டத்தட்ட அதே அளவுக்கு புது சர்வர்ல ட்ரான்சாக்ஷன் லாக், அதாவது டேட்டாபேஸ்ல நடந்த மாற்றத்தோட பதிவு, எழுதும். ஒவ்வொரு ஃபைலும் 1 எம்பி. ராத்திரில 200 ஜிபி நகந்துச்சுன்னா காலைல லாக் ஃபோல்டர்ல ரெண்டு லட்சம் ஃபைல் இருக்கும், பேக்கப் ஓடி முடிஞ்சா தான் அது கழியும். பேக்கப் ஓடல, டிஸ்க் நெறஞ்சுது, டேட்டாபேஸ் டிஸ்மவுண்ட், மெயில் நின்னுரும். வர்ற போற மெயில் காத்திருக்கற க்யூ இருக்கற டிஸ்க்லயும் எடம் கொறஞ்சா சர்வர் வெளி மெயில வாங்கறதையே நிறுத்திரும், அனுப்புறவனுக்கு 452 4.3.1னு பதில் போகும், நம்ம ஆளுங்களுக்கு ஒரு எரரும் தெரியாது, மெயில் வரலங்கறது மட்டும் தான் தெரியும். அதனால டெய்லி பேக்கப் முடிஞ்சு லாக் கழிஞ்சுதான்னு கண்ணால பாத்துட்டு அடுத்த குரூப்ப நகத்துங்க.

ஒரே நாள்ல எல்லாரையும் முடிக்கறதுக்கு மட்டும் நான் இன்னும் எதிர் தான். ஏன்னா மெயில்பாக்ஸ் நகத்துறது சுலபமான பாதி. கஷ்டமான பாதி அந்த சர்வர சுத்தி தொங்கிட்டு இருக்கறது. உங்க ஃபேக்டரில ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்புற மெஷின் எத்தனை இருக்கு? கம்பெனி கணக்கு, ஆர்டர் பாக்குற ஈஆர்பி சாஃப்ட்வேர் எந்த ஐபிக்கு மெயில குடுக்குது?

பனியன்சிட்டி_ஐடி:
ஸ்கேனர் ஆபீஸ்ல நாலு, கட்டிங்ல ஒன்னு, டெஸ்பேட்ச்ல ஒன்னு... எல்லாம் பழைய சர்வர் ஐபிய நேரா அடிச்சு வெச்சது தான். ஈஆர்பில இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சம்பள சீட்டு எல்லாம் அதே ஐபிக்கு தான் போகுது.

பழையகேபிள்:
அதான் கேட்டேன். மெயில வாங்கறதுக்கான செட்டிங், அதான் ரிசீவ் கனெக்டர், ஒவ்வொரு சர்வருக்கும் தனி, மெயில்பாக்ஸோட கூட வராது, புதுசுல நீங்களே உக்காந்து போடணும். எஸ்இ டீஃபால்ட்டா டிஎல்எஸ்ங்கற என்க்ரிப்ஷன்ல 1.2ம் அதுக்கு மேலயும் தான் பேசும், டிஎல்எஸ் 1.0 மட்டும் தெரிஞ்ச பழைய ஸ்கேனர் சத்தமில்லாம தோத்துரும். பழைய சர்வர்ல ரிசீவ் கனெக்டருக்கு ப்ரோட்டகால் லாக்க இன்னைக்கே ஆன் பண்ணுங்க, எந்தெந்த ஐபி வந்து மெயில் குடுக்குதுன்னு ஒன்னு விடாம வரும். ஒரு வாரம் பாத்துட்டு போதும்னு விட்றாதீங்க. சம்பள சீட்டு மாசத்துக்கு ஒரு தடவை தான் போகும், ஒன்னாந்தேதில இருந்து ஏழாந்தேதி வரைக்குமாவது லாக்குல வரணும்.

நெக்ஸ்ட்நெக்ஸ்ட்:
பழைய ஐபிய புது சர்வருக்கு குடுத்துட்டா இதெல்லாம் தேவையே இல்லையே?

பழையகேபிள்:
ரெண்டு சர்வரும் ஒரே நேரத்துல ஓடணும் தம்பி, ஒரே ஐபிய எப்படி ரெண்டுக்கும் குடுப்பீங்க. பேர வெச்சு மாத்துங்க. மெஷினுங்க குடுக்குற மெயில வாங்கி அனுப்புற ரிலேவுக்குன்னு, பேர ஐபியா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ்ல தனியா ஒரு பேர் உண்டாக்கி எல்லா மெஷின்லயும் அத அடிச்சுட்டா அடுத்த தடவை மாத்தறப்ப டிஎன்எஸ்ல ஒரு வரி மாத்துனா போதும்.

நைட்ஷிப்ட்:
சரி, ஸ்கேனர் விஷயத்துல அண்ணா சொல்றது தான் சரி, நான் அத யோசிக்கல. ஆனா என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. நீங்க சொல்ற மாதிரி குரூப் குரூப்பா போனா பிப்ரவரி ஆயிரும். அதுவரைக்கும் பேட்ச் இல்லாத 2016 வெளிய தெரிஞ்சுட்டே இருக்கணுமா?

பழையகேபிள்:
இருக்க வேணாம். 2016ம் எஸ்இயும் ஒன்னுக்கொன்னு ப்ராக்ஸி பண்ணிக்கும். அதனால மெயில்பாக்ஸ் எல்லாம் பழசுலயே இருந்தாலும் வாசல மட்டும் மொதல்ல புதுசுக்கு மாத்திரலாம். புது சர்வர்ல சரியான சர்டிபிகேட் போட்டு, டிஎன்எஸ்ஸ திருப்பி, ஃபயர்வால்ல 443 (வெப்), 25 (மெயில்) போர்ட் ரெண்டையும் எஸ்இ பக்கம் திருப்பிட்டா மொபைல், ஓடபிள்யூஏ (ப்ரௌசர்ல பாக்குற மெயில்) எல்லாம் எஸ்இ கிட்ட வந்து, அது உள்ள 2016ல போய் எடுத்துக் குடுக்கும். பழசு இன்டர்நெட்ல தெரியவே தெரியாது. டிஎன்எஸ் பதில மத்த மெஷினுங்க ஞாபகம் வெச்சுக்குற நேரத்த, அதான் டிடிஎல்ல, முன்னாடி நாளே அஞ்சு நிமிஷமா கொறச்சு வெச்சுட்டா ஏதாவது ஆனாலும் உடனே திருப்பிக்கலாம்.

நைட்ஷிப்ட்:
இத மொதல்லயே சொல்லிருந்தா நான் இவ்வளவு பேசிருக்கவே மாட்டேன். வாசல மாத்துறது சரி. ஆனா உள்ள இருக்கற 2016க்கு ஏதாவது ஒரு ஆபீஸ் பிசி மாட்டிக்கிட்டு அதுல இருந்து வந்தா? உள்ள இருந்தாலும் ஓட்டை ஓட்டை தான். அதனால நாள் குறிங்க, இழுக்காதீங்க. அது மட்டும் நான் விட மாட்டேன்.

பனியன்சிட்டி_ஐடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. எம்டி கிட்ட பேசிட்டேன். டிசம்பர்ல எல்லா மெயில்பாக்ஸும் 95ல போய் நிக்கற மாதிரி பேக்கப்போட சேத்து ஓட்டறேன். பொங்கலுக்கு முன்னாடியே அட்மின், ஸ்டோர்ஸ், கட்டிங் மூணையும் வேலை நாள்லயே முடிச்சு பாத்துக்கறேன், அவங்க ஸ்கேனர், ஈஆர்பி எல்லாம் அப்பவே தெரிஞ்சுரும். மெர்ச்சன்டைசிங்க மட்டும் பொங்கல் லீவுல, ஏன்னா யூரோப் பையருங்க ராத்திரி பத்து மணிக்கு கூட கமெண்ட்ஸ் அனுப்புவாங்க, சாதா நாள்ல அவங்கள நிறுத்த முடியாது. மேனேஜரும் செகரட்டரியும் ஒரே குரூப்ல. மிச்சம் ஜனவரி 31க்குள்ள. பிப்ரவரி ரெண்டாவது வாரம் ஆர்பிட்ரேஷன் மெயில்பாக்ஸ் (எக்ஸ்சேஞ்ச் தன் உள் வேலைக்கு வெச்சிருக்கறது) எல்லாத்தையும் நகத்திட்டு, சம்பள சீட்டு புது சர்வர் வழியா போச்சான்னு பாத்துட்டு, 2016 அன்இன்ஸ்டால். நைட்ஷிப்ட் அண்ணா, இது ஓகேங்களா?

நைட்ஷிப்ட்:
ஜனவரி 31 ஓகே. 443ஐ எப்ப திருப்பறீங்க?

பனியன்சிட்டி_ஐடி:
அதையும் பொங்கலோட சேத்துக்கலாம்னு இருந்தேன்.

நைட்ஷிப்ட்:
வேணாம். சர்டிபிகேட் கையில இருக்கு, எஸ்இ ஓடிட்டு இருக்கு, பைலட் ஆளுங்க 12 பேர் அதுல தான் இருக்காங்க. இந்த சனிக்கிழமை ராத்திரியே திருப்பிருங்க.

பழையகேபிள்:
நானும் அதே தான் சொல்றேன். மொபைல் ரெண்ட வெச்சுக்கோங்க, ஒன்னுல பழைய சர்வர் மெயில்பாக்ஸ், ஒன்னுல புதுசு. வைஃபைய ஆஃப் பண்ணி வெளி நெட்வொர்க்ல ரெண்டுலயும் மெயில் வருதா, போகுதான்னு பாத்துட்டு அப்புறம் தூங்க போங்க.

பனியன்சிட்டி_ஐடி:
சரிங்கண்ணா, சனிக்கிழமை பத்து மணிக்கு மேல மாத்திட்டு இங்க வந்து சொல்றேன். ப்ரோட்டகால் லாக் இப்ப ஆன் பண்ணி அரை மணி நேரம் தான் ஆச்சு, அதுக்குள்ள எனக்கு தெரியாத ஒரு ஐபி வந்து நிக்குது, வேபிரிட்ஜ் ரூம் பக்கம்னு நெனைக்கிறேன். தம்பிய பாக்க அனுப்பிருக்கேன்.