அகழெலிக்கு நிஜமாகவே கண் தெரியாதா?

கேள்வி:
ஒரு ஆவணப்படத்தில் அகழெலியைப் பார்த்ததிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, கை மட்டும் மண்வெட்டி மாதிரி. முழுக் குருடா? வேரைத் தின்று தோட்டத்தை நாசமாக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
முழுக் குருடு இல்லை. ரோமத்துக்குள் குட்டியூண்டு கண் இருக்கும், வெளிச்சமா இருட்டா என்று தெரியும், அவ்வளவுதான். வேரைத் தின்னாது. இது எலி இனமே இல்லை, மூஞ்சூறுக்கும் முள்ளெலிக்கும்தான் சொந்தம். முக்கிய ஆகாரம் மண்புழு. அதிலும் ஐரோப்பிய அகழெலி செய்கிற வேலை கொஞ்சம் பயங்கரம்: புழுவின் தலைப்பக்கத்தைக் கடித்து, நகர முடியாதபடி ஆக்கி, உயிரோடு ஒரு அறையில் சேர்த்து வைக்கும், சில அறைகளில் நூற்றுக்கணக்கில் கிடக்கும். தோட்டக்காரர்கள் கோபப்படுவது வேறு விஷயத்துக்கு. தோண்டிய மண்ணையெல்லாம் மேலே தள்ளி, புல்தரை முழுக்கக் குவியலாக்கிவிடும்.

பதில் 2:
கையை உற்றுப் பாருங்கள், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஆறாவது விரல் போல ஒன்று இருக்கும். அது விரல் இல்லை, மணிக்கட்டில் உள்ள சின்ன எலும்பு நீண்டு வளர்ந்தது. அப்புறம் வட அமெரிக்காவின் நட்சத்திர மூக்கு அகழெலியைத் தேடிப் பாருங்கள். மூக்கைச் சுற்றி 22 சதை விரல்கள், அவற்றில் சுமார் 25,000 நுண்ணிய தொடு உறுப்புகள். இரையைத் தொட்டு, தின்னலாம் என்று முடிவெடுத்து, விழுங்குவதற்கு அதற்குக் கால் நொடிகூடத் தேவையில்லை. இவ்வளவு இருக்கும்போது கண் எதற்கு?

பதில் 3:
இது ஒரு ராஜாவையே கொன்ற பிராணி ஐயா! 1702இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியத்தின் குதிரை அகழெலி தள்ளிய மண்மேட்டில் இடறியது என்பார்கள். விழுந்தவருக்குக் காறை எலும்பு முறிந்தது, கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரால் பதவியிழந்த இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்களுக்கு ஒரே கொண்டாட்டம், 'கறுப்பு வெல்வெட் அணிந்த குட்டிக் கனவானுக்கு' என்று சொல்லி மதுக்கோப்பையை உயர்த்துவார்களாம். வெல்வெட் என்றது சும்மா இல்லை. அதன் ரோமம் எந்தப் பக்கம் தடவினாலும் படியும், அதனால்தான் குறுகலான வளையில் பின்னாலேயே நகர முடிகிறது. அந்த மென்மைக்காகவே தோலை உரித்துக் கோட்டும் தைத்தார்கள், பாவம்.

கேள்வி கேட்டவர்:
சரி, குதிரை விவகாரத்தில் தப்பு குதிரை மேலா, அகழெலி மேலா?

பதில் 3:
மேட்டைப் பார்க்காமல் ஓட்டிய ராஜா மேல்.