சேர்வராயன் மலைப் பல்லி, மண்ணுக்குள் பாம்பு, மரப்பொந்துச் சிலந்தி: பார்த்தவர்கள் எழுதுங்க

ஈரக்கல்:
சிமென்ட் பூசாத பழைய கல்கட்டில் பட்டப்பகலில் ஒரு குட்டிப் பல்லி ஓடினால் முதலில் கண்ணைப் பாருங்க. வீட்டுப் பல்லிக்குப் பகலில் கண்மணி நெட்டுக்குத்தாகச் சுருங்கியிருக்கும். இதற்கு வட்டம். விரலில் அகலப் பட்டையும் இல்லை, ஒல்லியாக மடங்கியிருக்கும். இது நெமாஸ்பிஸ் என்ற பல்லி வகை. ஏற்காட்டுப் பெயரிலேயே 2000இல் ஓர் இனத்தை விவரித்தார்கள். 2019இல் இதே மலையிலிருந்து இன்னும் இரண்டு. பாறை, நிழல், ஈரம் மூன்றும் சேர்ந்த இடம்தான் இவற்றுக்கு உலகம். வெயில் காயும் வெட்டவெளியைத் தாண்டிப் போய் வேறிடம் பிடிப்பது கஷ்டம்.

கல்கட்டு ரிப்பேரில்தான் இவை சாகின்றன. மேஸ்திரி சந்து பூராவும் கலவை அடைத்துவிடுவார், முட்டையோடு சேர்த்து. அதனால் வேலைக்கு முந்தின நாள் டார்ச் அடித்துச் சந்தின் மேல்பக்கத்தைப் பாருங்க. கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிதாக வெள்ளைப் பொட்டுகள் கல்லில் ஒட்டியிருந்தால் அது முட்டை. பக்கத்தில் பழைய ஓட்டின் வட்டத் தழும்புகளும் தெரிந்தால் திரும்பத் திரும்ப முட்டை வைக்கும் இடம். அங்கே கலவையே வேண்டாம். முட்டையைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கவும் முடியாது, ஓடு நொறுங்கிவிடும். சாய்ந்த பகுதியை மட்டும் பிரித்துக் கட்டுங்க. ஒரு முனையில் ஆரம்பித்து ஒரே திசையில் போனால் உள்ளே இருப்பது முன்னால் நகர்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் ஆள் விட்டால் நடுவில் மாட்டிக்கொள்ளும். சந்தை அடைக்காத கல்கட்டில் மழைத் தண்ணீர் தேங்கித் தள்ளாது என்பதையும் மேஸ்திரிக்குச் சொல்லுங்க. பல்லிக்காக என்றால் சிரிப்பார்.

புதுத்தோட்டம்:
அண்ணே, காப்பிக்குழி வெட்டும்போது வாலைக் கத்தியால் சாய்வாகச் சீவிவிட்ட மாதிரி ஒன்று வருதுங்களே, மண்ணுளிதானே? ஆளுங்க அடிச்சிடறாங்க.

காப்பிக்காடு:
மண்ணுளி இல்லைங்க. கவசவால் பாம்பு. சீவின மாதிரி தெரியும் அந்த இடம் சொரசொரப்பான கவசம். அதில் மண் அப்பிக்கொண்டு பின்னால் வளையை அடைக்கும். விஷம் கிடையாது, கையில் எடுத்தாலும் கடிக்க வராது, வாலைத்தான் குத்தும். மண்புழு தின்னும், குட்டி போடும். பெடோம் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1863இல் இந்த மலையிலிருந்து விவரித்த ஷார்ட்டி என்ற இனம் வெகுகாலம் வேறொன்றோடு சேர்த்து எண்ணப்பட்டு, பிறகுதான் தனி இனமாக மீண்டது. கொல்லிமலையும் கல்வராயனும் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் நடுவில் இருக்கும் காய்ந்த சமவெளியை இது கடக்காது.

45 செ.மீ. குழிக்கு ஜேசிபி வேண்டவே வேண்டாம். முதலில் சருகைக் கையால் ஒதுக்கி, மேல் ஒரு சாண் மண்ணைக் கொத்து முள்ளால் கிளறிவிட்டு அப்புறம் மண்வெட்டி. கோடை மழை விழுந்த வாரம் மேல்மண்ணில்தான் இருக்கும், அப்போது குழி வெட்டுவதைத் தள்ளிப்போடுங்க. கிடைத்ததை ஈரமண்ணோடு எடுத்து அதே சரிவில் பத்தடி தள்ளிச் சருகுக்கடியில் விட்டால் போதும். பாட்டிலில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுவருவது, 'காட்டில் விடுகிறேன்' என்று மலையின் அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவது, இரண்டும் தப்பு.

இன்னொன்று, காப்பி இலைத் துரு நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை. 0.5 சதவீதத்துக்கு 200 லிட்டர் தண்ணீர், 1 கிலோ மயில்துத்தம் (செம்பு உப்பு), 1 கிலோ சுண்ணாம்பு. அடித்து மிஞ்சியதையும் பீப்பாய் கழுவிய தண்ணீரையும் தினம் ஒரே மூலையில் கொட்டினால் செம்பு அங்கேயே தங்கிவிடும், மண்புழு போகும். புழு போன மண்ணில் இந்தப் பாம்புக்கு என்ன வேலை? தேவைக்கு மட்டும் கலக்குங்க.

குப்பனூர் ரோடு:
சாலையோரக் கான் (வடிகால்) பற்றி ஒரு வரி. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர் வைத்துப் பூசினால் விழுந்த பாம்பும் தவளையும் ஏறவே முடியாது. மழை விட்ட காலையில் பார்த்தால் தெரியும். பூசும்போதே பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு இடத்தில் பக்கச் சுவரைச் சாய்வாக விட்டு, ஈரக் கலவையில் சல்லி பதித்தால் போதும். காய்ந்தபின் உடைத்துச் செய்வதற்கு ஒருத்தரும் வரமாட்டார்கள்.

அடிவாரம்:
டாரண்டுலா, அதாவது மரப்பொந்துப் பெரிய சிலந்தி, படத்தை இடப்பெயரோடு போட்டவர் கவனத்துக்கு: தயவுசெய்து அந்தப் பெயரை எடுத்துவிடுங்க. பொசிலோதீரியா ஃபார்மோசா என்ற இந்தச் சிலந்தி இனம் முதலில் விவரிக்கப்பட்டதே நம்ம காடையாம்பட்டிப் பக்கத்திலிருந்துதான். அழியும் ஆபத்திலுள்ள இனமாக பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியலில் இருக்கிறது, வளர்ப்புக்கு விற்கப் பிடிக்கும் ஆளும் உண்டு. பொந்துள்ள பழைய மரம் கண்ணில் பட்டாலே அவர்களுக்குப் போதும், பட்டையை உரித்துவிடுவார்கள். ஒரு பொந்து போனால் அதில் இருந்த குஞ்சுகளும் சேர்த்துப் போச்சு. போனில் கேமரா அமைப்புக்குள் போய் லொக்கேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுங்க. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். நிறையப் பேர் தெளிவாகத் தெரியட்டும் என்று இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

புதுத்தோட்டம்:
படத்தில் பின்னால் மைல்கல்லும் தெரியுதுங்க. அதையும் வெட்டிப் போடச் சொல்லுங்க.